ஜெராட் வீதியில் திங்கள் இரவுகள்

இலண்டன் மாநகரின் சோஹோப் பகுதியிலே ஜெராட் வீதி என்றொரு வீதி உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டிலே அவ்வீதியில் ‘துருக்கியன் தலை’ என்ற பெயருடன் தவறணையொன்று நடைபெற்று வந்தது. 1764ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து, திங்கட்கிழமைதோறும் இரவு ஏழு மணியளவில், ஒன்பது ஆண்கள் அங்கே கூடி இராவுணவு உண்டனர். உண்டு முடிந்த பின்னும் எழுந்து போகாது வெகுநேரம் உரையாடினர். அக்கூட்டத்துக்குத் தொடக்கத்தில் தனிப்பெயர் எதுவும் இடப்படவில்லை. ‘கழகம்’ என்ற பொதுப்பெயரே போதுமானதாயிருந்தது. ‘இலக்கியக் கழகம்’ என்ற பெயர், 1779இல் நடிகர் டேவிட் கரிக்கின் இறுதிச் சடங்கின்போதே அதனோடு வந்து ஒட்டிக்கொண்டது.

தவறணை என்றதும் நம்மவர் மனக்கண்முன் தோன்றுவது கிடுகுக் கொட்டிலும் கள்ளுமுட்டியும்தான். போர்த்துக்கேயர் வழியாக நம் மொழியிற் புகுந்த அச்சொல்லுக்கு இங்கு நேர்ந்த கதி அது. அக்கால இலண்டன் தவறணை அத்தகையதன்று. மதுவோடு நல்லுணவும் அங்கு கிடைத்தது. குழுவாக வருவோருக்குத் தனியறை ஒதுக்கப்பட்டது. மணியடித்தால் பணியாள் வந்து நின்றான். ஒருவர் இல்லத்துக்கு விருந்துக்குச் சென்றால், வந்தவரை மகிழ்விக்க வேண்டுமே என்ற கவலை வீட்டுக்காரருக்கும், வீட்டுக்காரரின் மனம் கோணாது நடக்க வேண்டுமே என்ற கவலை விருந்தினருக்கும் இருந்தே தீரும். தவறணையிலோ எவ்வளவுக்கு அதிகம் கேட்கிறோமோ அவ்வளவுக்கு வரவேற்பும் மிகும் என்பது சாமுவேல் ஜோன்சனின் வாதம். மனிதன் கண்டுபிடித்தவற்றுள் நல்ல தவறணையைப் போல் இத்துணை இன்பம் தருவது வேறொன்றில்லை என்று சொல்லுமளவுக்கு அவர் சென்றார். அகராதி தொகுத்த அறிஞர் ஒருவரின் வாயிலிருந்து வருவதற்கு இது வியப்பான கூற்றுத்தான். ஆயினும் அவருடைய வாழ்க்கையை அறிந்தோர் இதனை வெறும் சுவைப்பேச்சாகக் கொள்ளமாட்டார்கள்.

அந்த ஒன்பதின்மர் யாவர்? அகராதியாசிரியர் ஜோன்சன், ஓவியர் ஜோஷுவா ரெனோல்ட்ஸ், பின்னர் பாராளுமன்றப் பேச்சாளராகப் புகழ்பெற்ற எட்மண்ட் பேர்க், கவிஞரும் நாவலாசிரியருமான ஒலிவர் கோல்ட்ஸ்மித் ஆகிய நால்வரையும் உலகம் இன்றும் அறியும். பேர்க்கின் மாமனாரான மருத்துவர் கிறிஸ்தோபர் நியூஜன்ற், டொப்ஹம் போக்ளார்க், பெனற் லாங்டன், அந்தனி சமியர், ஜோன் ஹோக்கின்ஸ் என்போர் எஞ்சிய ஐவர். ஒன்பது என்ற எண்ணிக்கைக்கும் காரணம் இருந்தது. எத்தனை பேர் வராது விட்டாலும், எவரேனும் இருவர் மட்டும் வந்து சேர்ந்தால்கூட, சீட்டுக்கட்டைத் தேடாமல் ஒருவரோடொருவர் பேசியே அவ்விரவைக் கழிக்கத் தக்கவர்களாய் எல்லோரும் இருத்தல் வேண்டும் என்பது ஜோன்சனின் எண்ணம்.

இதனை வாசகர் கழகம் எனச் சொல்லலாமா என்றொரு கேள்வி எழலாம். குறித்த நூலொன்றை எல்லோரும் படித்துவந்து விவாதித்தல் என்ற ஒழுங்கு அங்கு இருக்கவில்லை. ஆனால் அம்மேசையைச் சுற்றியிருந்தோரிற் பெரும்பாலார் நூல் எழுதுவோராகவோ, எழுதுவோரை அணுகி அறிந்தோராகவோ இருந்தனர். நூல்கள் அங்கே பாடமாக வைக்கப்படவில்லை. உப்பும் கடுகும் போல உணவோடு கலந்து கிடந்தன. அதுவே அக்கழகத்தின் இயல்பு. பிற்காலத்து இலக்கிய மன்றங்கள் பலவற்றில் நிகழ்ச்சி நிரல் உண்டு, தலைமையுரை உண்டு, நன்றியுரையும் உண்டு. பேச்சு மட்டும் இராது.

இக்கழகம் தோன்றிய காலத்தை நோக்குதல் இங்கு பொருத்தமானது. பிரபுக்களின் ஆதரவில் எழுத்தாளர் வாழ்ந்த நிலை மாறி, நூல் விற்போரிடமிருந்து பெற்ற கூலியில் வாழ வேண்டிய நிலை தோன்றிய காலம் அது. புரவலரின் வாயிலிற் காத்து நிற்றல் எத்தகையது என்பதை ஜோன்சன் அனுபவித்து அறிந்தவர். தமது அகராதித் திட்டத்தை 1747இல் செஸ்டர்பீல்ட் பிரபுவுக்கு உரிமையாக்கி வெளியிட்ட அவர், ஆண்டுக்கணக்காக அப்பிரபுவின் பராமுகத்தையே பரிசாகப் பெற்றார். அகராதி வெளிவரும் தறுவாயில் பிரபு திடீரெனப் பாராட்டி எழுதவே, 1755 பெப்ரவரியில் ஜோன்சன் அவருக்கு எழுதிய மறுப்புக் கடிதம் ஆங்கில எழுத்தாளரின் தன்மானத்துக்குச் சான்றாக இன்றும் பேசப்படுகின்றது. அந்தக் கடிதத்தையும் ஜெராட் வீதி மேசையையும் சேர்த்துப் பார்த்தல் தகும். பிரபுவின் வீட்டு மேசையில் ஒருவர் ஊட்ட மற்றவர் உண்பர். உண்டவர் புகழ வேண்டும். தவறணை மேசையிலோ அவரவர் பங்கை அவரவர் கொடுத்தனர். எவரும் எவருக்கும் கடமைப்பட்டிருக்கவில்லை. கடமைப்படாதவர்களுக்கு இடையில்தான் மறுத்துப் பேசுதல் சாத்தியம்.

இதன் அருமையை உணராத ஒருவரும் அங்கு இருந்தார். ஹோக்கின்ஸ் தமது வீட்டில் இராவுணவு உண்ணும் வழக்கமில்லாதவராம்; ஆகவே தவறணையிலும் உண்பதில்லை என்றும், உண்ணாத உணவுக்குப் பங்குப்பணம் தர இயலாதென்றும் சொல்லிவிட்டார். கணக்கின்படி அது நியாயமே. மற்றையோர் அவரைப் பங்கிலிருந்து விடுவித்தனர், உள்ளூர நகைத்தனர். கழகத்துக்கு ஒவ்வாதவர் என்ற பொருளில் ஜோன்சன் அவருக்காகப் புதுச்சொல் ஒன்றையே ஆக்கினார். பின்னர் ஒருநாள் பேர்க்கிடம் அவர் முரட்டுத்தனமாக நடந்துகொண்டபோது அனைவரும் முகங்கொடாது விடவே, அவர் கழகத்தை விட்டு விலகினார். இவரது பெயர் இக்கட்டுரையின் இறுதியில் மீண்டும் வரும். ஆதலின், அவரைக் கஞ்சன் என்ற ஒரு சொல்லில் முடித்துவிடுதல் ஆகாது.

கழகத்தை அமைக்கலாமென முதலில் முன்மொழிந்தவர் ரெனோல்ட்ஸ். ஜோன்சன் முதலிற் சிறிது தயங்கினாலும் பின்னர் இசைந்தார் என்பர். அந்த ஆண்டுகளில் ஜோன்சன் இருந்த நிலையை அறிந்தால் நண்பரின் முன்மொழிவு எதற்காக என்பது ஓரளவு புலனாகும். மனைவி எலிசபெத் 1752இலேயே மறைந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. அகராதி முடிந்துவிட்டது. 1762இல் அரசு ஆண்டுக்கு 300 பவுண் உதவிப்பணம் வழங்கியதால் வயிற்றுப்பாட்டுக்காக எழுத வேண்டிய நெருக்கடியும் நீங்கியது. நெருக்கடி நீங்கியதும் மனநோய் தலைதூக்கியது. 1764ஐ ஒட்டி அவரைக் காணச் சென்ற பழைய நண்பரொருவர், அவர் பெருமூச்செறிந்தும் முனகியும் தமக்குத் தாமே பேசியும் அறைக்கு அறை உலவித் திரிந்ததைக் கண்டார். மனத்தெம்பு மீளுமாயின் தமது உறுப்பொன்றை வெட்டிவிடவும் சம்மதிப்பேன் என அவர் அப்போது சொன்னாராம். பித்துப் பிடித்துவிடுமோ என்ற அச்சம் அவரை வாழ்நாள் முழுதும் தொடர்ந்தது. தனித்திருக்கும் இரவே அவ்வச்சத்துக்கு உகந்த வேளை. படுக்கைக்குப் போகும் நேரத்தை ஒத்திப்போடுவதற்காகவே அவர் மற்றையோரைப் பிடித்துவைத்துப் பேசினார். உலகப் புகழ்பெற்ற உரையாடற்கலை இந்த அச்சத்தின் பிள்ளை எனச் சொன்னால் மிகையாகாது.

கோல்ட்ஸ்மித்தின் கதையொன்று இதற்கு ஒத்துவருகிறது. அவரைக் கழகத்தில் சிலர் கூலிக்கு எழுதும் சாதாரண பேர்வழி என்றே மதித்திருந்தனர். பேச்சில் அவர் திறமையற்றவர். சொல்ல வேண்டாததைச் சொல்லித் திண்டாடுபவர். 1764இன் இறுதியில் ‘பயணி’ என்னும் அவருடைய நெடுங்கவிதை வெளிவந்தபோது, இதனை இவர்தான் எழுதினாரா என்ற ஐயமே முதலில் எழுந்தது. அதன் முதலடியில் ‘மெதுவான’ என்ற பொருள்படும் சொல்லொன்று வருகின்றது. பயணியின் நடை மெதுவானது என்பதா அதன் கருத்து எனச் சமியர் கேட்டார். ஆம் என்று யோசனையின்றிச் சொல்லிவிட்டார் கோல்ட்ஸ்மித். அருகிலிருந்த ஜோன்சன் குறுக்கிட்டு, இல்லை, உமது கருத்து அதுவன்று. தனிமையில் இருக்கும் மனிதனின் உள்ளத்தைக் கவ்வும் மந்தத்தையே நீர் குறித்தீர் என்றார். அவ்வடியை எழுதியவர் ஜோன்சனே எனச் சமியர் அன்றே முடிவுகட்டிவிட்டாராம். அவர் அதனை எழுதவில்லை. ஆனால் அச்சொல்லின் உட்பொருளை உடனே கண்டுகொண்டார். எங்கிருந்து கண்டுகொண்டார் என்பதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

கழகத்தின் பேச்சு எத்தகையது? 1773இல் உறுப்பினரான ஜேம்ஸ் பொஸ்வெல், 1791இல் வெளியிட்ட ஜோன்சன் வரலாற்றில் எத்தனையோ உரையாடல்களைப் பதிந்துள்ளாரெனினும், கழகத்து இரவுகளை விரிவாகத் தந்த இடங்கள் குறைவு. அவற்றுள் 1778 ஏப்ரல் 3ஆம் நாளுக்குரிய பகுதி குறிப்பிடத்தக்கது. உறுப்பினரின் பெயர்களை மறைத்துத் தனி எழுத்துகளால் அவர்களைச் சுட்டுகிறார் அவர். பேச்சு பழங்காலச் சலவைக்கல் நாய் ஒன்றின் விலையில் தொடங்குகிறது. குடிபெயர்வு, மக்கட்டொகை, ஐரிஷ் மொழி, பாராளுமன்றப் பேச்சுகளாற் பயனுண்டா என்று ஒன்றிலிருந்து ஒன்றாகத் தாவுகிறது. இடையிலே வேறொரு பெரும் பிரச்சினை எழுகின்றது. உறுப்பினரான சமயகுரு ஒருவர் அன்பளிப்பாக அனுப்பிய சிவப்பு வைன் பீப்பாய் தீரும் நிலையிலுள்ளது. இன்னொரு பீப்பாய் அனுப்புமாறு அவருக்கு எழுத வேண்டும். ஆனால் விலைக்குக் கேட்கிறோமா, இலவசமாகக் கேட்கிறோமா என்பது தெளிவாகாதபடி நயமாக எழுதினால் இதுவும் அன்பளிப்பாகவே வரக்கூடும் என்கிறார் ஒருவர். அக்கடிதத்தை எழுதும் செயலாளராகத் தாமே இருப்பதாக ஜோன்சன் முன்வருகிறார். கைகள் உயர்கின்றன, ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறுகின்றது. தாம் மது அருந்துவதில்லையாதலால் தம்மில் எவரும் ஐயங்கொள்ள இடமில்லை எனவும் அவர் சொல்லி வைக்கிறார்.

இலக்கிய வரலாற்று நூல்கள் இந்த வைன் பீப்பாயைப் பற்றிச் சொல்வதில்லை. 1776இல் ‘நாடுகளின் செல்வம்’ எழுதிய அடம் ஸ்மித்தும், அதே ஆண்டில் உரோமப் பேரரசின் வீழ்ச்சி பற்றிய பெருநூலின் முதற்பாகத்தை வெளியிட்ட எட்வேட் கிபனும், நாடகாசிரியர் ஷெரிடனும், தாவரவியலாளர் ஜோசப் பாங்ஸும் ஒரே கழகத்தில் உறுப்பினராயிருந்தனர் என்பதையே அடுக்கிச் சொல்கின்றன. அப்பட்டியலைப் பார்ப்போருக்கு அறிவின் திருச்சபை ஒன்று கண்முன் தோன்றும். உள்ளபடி அங்கே மனத்தாங்கல்களுக்குக் குறைவில்லை. கிபனைப் பொஸ்வெல் வெறுத்தார். ஜோன்சனுக்கும் ஸ்மித்துக்கும் அத்துணை ஒட்டுதல் இருக்கவில்லை. அமெரிக்கக் குடியேற்றங்களின் பிரச்சினையில் பேர்க் அம்மக்களுக்காகப் பாராளுமன்றத்தில் வாதாடிக்கொண்டிருக்க, ஜோன்சன் 1775இல் அரசின் பக்கம் நின்று அவர்களைக் கண்டித்து நூலே எழுதினார். எனினும் இருவரும் ஒருவரையொருவர் மதிப்பதை நிறுத்தவில்லை. ஓரிரவு ஜோன்சனே முழுநேரமும் பேசிவிட்டதையிட்டு லாங்டன் பேர்க்கிடம் ஆதங்கப்பட்டபோது, அவருக்கு மணியடித்துவிட்டதே எனக்குப் போதும் எனப் பேர்க் பதிலளித்தார். பேசத் தெரிந்த ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கத் துணிதல் எளிதன்று. பாராளுமன்றத்தில் மணிக்கணக்காகப் பேசியவரின் வாயிலிருந்து அது வந்தது என்பதைக் கவனித்தல் வேண்டும்.

ஜோன்சன் எப்போதும் நியாயமாக வாதாடினார் என்பதற்கில்லை. வெல்வதற்காகவே அவர் பேசிய இரவுகள் பல. எல்லோரும் ஒருவர் மனத்தில் மற்றவர் பயணஞ்செய்து முடித்துவிட்டோம். புதியவர்களைச் சேர்த்தால் நல்லது என்று கோல்ட்ஸ்மித் ஒருமுறை சொன்னதும், என் மனத்தில் நீர் பயணஞ்செய்து முடிக்கவில்லை என அவர் சினந்து விழுந்தார். கோல்ட்ஸ்மித் சொன்னதே சரியென ரெனோல்ட்ஸ் கருதினார்.

கோல்ட்ஸ்மித் 1774 ஏப்ரலில், ஏறத்தாழ 2000 பவுண் கடனுடன், காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அவருக்கு நினைவுக்கல் நாட்டுவதென முடிவாயிற்று. அதற்குரிய வாசகத்தை ஜோன்சன் இலத்தீனில் எழுதினார். 1776இல் ரெனோல்ட்ஸின் வீட்டு விருந்தொன்றில் நண்பர்கள் அதனைப் பார்த்தனர். ஆங்கிலத்தில் எழுதிப் பெயர் பெற்ற ஒருவரை ஆங்கிலத்திலன்றோ நினைவுகூர வேண்டும் என்பது அவர்களின் கருத்து. ஆனால் அதனை ஜோன்சனிடம் சொல்ல எவருக்கும் துணிவில்லை. ஈற்றில் விண்ணப்பமொன்று எழுதி, யார் முதலிற் கையொப்பமிட்டார் என்பது தெரியாதபடி வட்டமாகக் கையொப்பமிட்டனர். கலகஞ்செய்யும் மாலுமிகளின் தந்திரம் அது. விண்ணப்பத்தை எழுதியவர் பேர்க். கொண்டுபோய்க் கொடுத்தவர் ரெனோல்ட்ஸ். ஜோன்சன் கோபிக்கவில்லை, ஆனால் அப்பேராலயத்தின் சுவரை ஆங்கிலத்தால் இழிவுபடுத்தச் சம்மதியேன் என்று சொல்லிவிட்டார். கல்லில் இன்றுவரை இருப்பது இலத்தீனே. ஆங்கில மொழிக்கு அகராதி செய்தவர் அம்மொழியைக் கல்லில் பொறிக்கத் தகாதது எனக் கருதினார் என்பதை, செம்மொழிக்கும் பேசும் மொழிக்குமிடையே இழுபறிப்பட்ட அனுபவமுள்ள எச்சமூகமும் சிறு புன்னகையோடு புரிந்துகொள்ளும்.

மொழி பற்றிய பேச்சு வந்தமையால் இன்னோர் உறுப்பினரையும் குறிப்பிடலாம். 1773இல் சேர்ந்த வில்லியம் ஜோன்ஸ், 1783இல் நீதிபதியாகக் கல்கத்தா சென்று, அடுத்த ஆண்டில் அங்கே ஆசியக் கழகத்தை நிறுவினார். வடமொழிக்கும் கிரேக்கம், இலத்தீன் ஆகியவற்றுக்கும் உள்ள உறவை அவர் 1786இல் அங்கு எடுத்துரைத்தார். தமிழும் அதன் இனமொழிகளும் வேறொரு குடும்பம் என்பதைச் சென்னையிலிருந்து எல்லிஸ் எடுத்துக்காட்ட 1816 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இனி, உள்ளே வந்தவர்களை விட்டு, கதவைப் பற்றிச் சிந்திக்கலாம். புதியவரைச் சேர்ப்பதற்கு இரகசிய வாக்கெடுப்பு நடைபெற்றது. ஓர் எதிர்வாக்கு விழுந்தாலும் அவர் தள்ளப்பட்டார். ஜோன்சனின் பழைய மாணவரும், 1737இல் அவரோடு கூடவே பிழைப்புத் தேடி இலண்டனுக்கு வந்தவருமான கரிக், நானும் உங்களோடு சேர்ந்துகொள்கிறேன் என்று இயல்பாகச் சொன்ன ஒரு சொல் ஜோன்சனைச் சினமூட்டியது. சேர்ப்போமென்று அவருக்கு எப்படித் தெரியும் என்றார். நாடறிந்த அந்நடிகர் 1773 வரை வெளியே நின்றார். அவ்வாண்டு ஏப்ரல் 30ஆம் நாள் பொஸ்வெல்லின் பெயர் வாக்குக்கு விடப்பட்டபோது, அவர் போக்ளார்க்கின் வீட்டிலே முடிவுக்காகக் காத்திருந்தார். போக்ளார்க்கின் மனைவி டயனா சீமாட்டி அவருக்குப் பேச்சுத்துணையாய் இருந்தார். அவருடைய இனிய உரையாடலாலும் தமது பதற்றம் முற்றாகத் தணியவில்லை என எழுதுகிறார் பொஸ்வெல். செய்தி வந்தது, அவர் விரைந்து சென்றார். ஜோன்சன் நாற்காலியொன்றின் பின்னால் பிரசங்க மேடையில் நிற்பவர்போல் நின்று, நல்ல உறுப்பினரின் கடமைகள் யாவை என விளையாட்டாக உபதேசித்தார். டயனா சீமாட்டி வீட்டிலேயே இருந்தார். அவரும் ஓவியர்; ஆயினும் அவருடைய பெயரை வாக்குக்கு விடலாம் என்ற எண்ணம் அன்று எவர் மனத்திலும் உதித்ததாகத் தெரியவில்லை.

அக்கால வழக்கம் அது எனச் சொல்லி இதனைக் கடந்துவிடுவது எளிது. ஆனால் ஜோன்சனின் வாழ்க்கையே அச்சமாதானத்துக்கு இடந்தருவதாயில்லை. கழகம் தோன்றுவதற்கு ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், சார்லட் லெனொக்ஸ் என்னும் பெண்மணி தமது முதல் நாவலை எழுதி வெளியிட்டபோது, அதனை இரவு முழுதும் கொண்டாட வேண்டுமென்று கூறி, நண்பர்கள் ஏறத்தாழ இருபது பேரைத் தவறணையொன்றுக்கு அழைத்தவர் அவரே. லெனொக்ஸ் தம் கணவரோடும் தோழியொருத்தியோடும் வந்தார். சூடான பெரிய அப்பிள் பை ஒன்று மேசைக்கு வந்தது. எழுத்தாளராயிற்றே என்பதால் அதில் நறுமண இலைகளைச் செருகுவித்தார் ஜோன்சன். லெனொக்ஸின் தலையில் வாகை மாலையும் சூட்டினார். எலுமிச்சம்பானம் மட்டுமே அருந்திய அவருடைய முகம் விடியற்காலை ஐந்து மணிக்கு நண்பகற் சூரியன்போல் ஒளிர்ந்தது என அங்கிருந்த ஹோக்கின்ஸ் எழுதியுள்ளார். காலை எட்டு மணியளவிலேயே கூட்டம் கலைந்தது. ஆகவே பெண்ணொருத்தியைத் தவறணை மேசைக்கு அழைக்க முடியும் என்பதை ஜோன்சன் அறிந்திருந்தார். அவ்வாறு அழைத்த இரவு எத்துணை மகிழ்ச்சியானது என்பதையும் அறிந்திருந்தார். பின்னர் வந்த கழகம் அந்த அறிவைப் பயன்படுத்தவில்லை.

கிரேக்க ஞானி எபிக்தீற்றஸை 1758இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த எலிசபெத் காட்டர் ஜோன்சனின் நெடுநாள் நண்பர். அவருடைய ‘ராம்ப்ளர்’ இதழுக்குக் கட்டுரைகளும் எழுதியவர். கிரேக்கத்தில் அவரது புலமையை ஜோன்சன் மெச்சினார். மெச்சியபோது, எபிக்தீற்றஸை மொழிபெயர்க்கவும் தெரியும், புடிங் செய்யவும் தெரியும் என்று சேர்த்தே மெச்சினார். 1778இல் ‘ஈவ்லினா’ என்ற நாவல் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. பேர்க் இரவிரவாகக் கண்விழித்து அதனை வாசித்து முடித்தார். ரெனோல்ட்ஸ் உணவு மேசையிலும் அதனைக் கீழே வைக்கவில்லை. ஜோன்சன் அதன் பாத்திரங்களைப் போல் பேசி நடித்துக்காட்டினார். எழுதியவர் பிரான்செஸ் பேர்னி என்ற இருபத்தைந்து வயதுப் பெண் என்பது பின்னர் தெரியவந்தது. 1784இல் பேர்னி கழகத்தில் சேர்க்கப்பட்டார். மகளல்லர், தந்தையான இசையறிஞர் சார்ல்ஸ் பேர்னி. எலிசபெத் மொண்டேகு போன்ற பெண்மணிகள் தம் இல்லங்களிலே நடத்திய இலக்கியக் கூட்டங்களில், மதுவும் சீட்டும் தவிர்த்துத் தேநீரோடு உரையாடல் நிகழ்ந்தது. ஜோன்சனும் ரெனோல்ட்ஸும் அங்கெல்லாம் வரவேற்கப்பட்டனர். பெண்களின் மேசைக்கு ஆண்கள் போகலாம். ஆண்களின் மேசைக்குப் பெண்கள் வரலாகாது. இதனால் இழந்தவர் யார் என்பதில் கழகத்தார் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொண்டனர் எனலாம். பயணஞ்செய்து முடித்த மனங்களையிட்டுக் கோல்ட்ஸ்மித் அலுத்துக்கொண்ட அதே நகரத்தில்தான் இவர்கள் வாழ்ந்தார்கள்.

இவர்கள் எல்லோரிலும் ஜோன்சனுக்கு மிக அருகில் இருந்தவர் அன்னா வில்லியம்ஸ். வேல்ஸ் நாட்டு மருத்துவர் ஒருவரின் மகள். ஜோன்சனுடைய மனைவியின் தோழி. கண்ணில் விழுந்த படலத்தை அகற்றச் செய்த சத்திரசிகிச்சை பயனளிக்காது முற்றாகப் பார்வையிழந்தார். 1766இல் கவிதையும் உரைநடையும் கொண்ட தொகுதியொன்றை வெளியிட்டார். முப்பது ஆண்டுகளாக ஜோன்சன் வீட்டிலோ அதற்கு அண்மையிலோ அவர் வாழ்ந்தார். ஜோன்சன் எந்தத் தவறணையில் எத்துணை நேரம் இருந்தாலும், வீடு திரும்புமுன் இவரோடு தேநீர் அருந்தாமற் போவதில்லை. எந்நேரமானாலும் அவர் விழித்திருப்பார். கோப்பை நிறைகின்றதா என்பதை அதன் வெளிப்புறத்தைத் தொட்டே அறியுமளவுக்கு அவருடைய விரல்கள் பழகியிருந்தன. தாம் வெளியே உண்ணும் நாள்களில், கோழியோ வேறு சுவையான பண்டமோ, அவர் விரும்பியது எதுவெனக் கேட்டுத் தவறணையிலிருந்து சமைத்த உணவை அவருக்கு அனுப்பிவைப்பது ஜோன்சனின் வழக்கம். தவறணையின் உணவு அப்பெண்மணியின் அறைவரை சென்றது. கழகத்தின் பேச்சும் அங்கே சென்றிருக்கத்தான் வேண்டும்; நள்ளிரவுக்குப் பிறகு, ஒரு குரலினூடாக.

கழகம் வளர்ந்தது. திங்கட்கிழமை 1772இல் வெள்ளிக்கிழமையாக மாறியது. பின்னர் வாராந்த இராவுணவு நீங்கி, பாராளுமன்றம் கூடும் காலத்தில் பதினைந்து நாள்களுக்கு ஒருமுறை பகலுணவு என்றாயிற்று. ஒன்பது பேர் முப்பத்தைந்து பேராயினர். பிரபுக்களும் பாராளுமன்ற உறுப்பினரும் மிகுந்தனர். ஜோன்சன் செல்வது குறைந்தது. 1783இல் ‘துருக்கியன் தலை’யின் உரிமையாளர் இறந்துபோக, அது தனியார் வீடாகிவிட்டது. கழகம் வேறு உணவகங்களுக்கு இடம் மாறிச் சென்றது.

அந்த ஆண்டு ஜோன்சனுக்கு எழுபத்து நான்கு வயது. ஜூன் மாதத்தில் வாதநோய் தாக்கிச் சில நாள்கள் பேச்சிழந்தார். செப்டெம்பர் 6ஆம் நாள் அன்னா வில்லியம்ஸ் காலமானார். நவம்பரில், முன்னர் ஐவி ஒழுங்கைத் தவறணையொன்றில் தம்மோடு கூடிய பழைய கழகத்தாருள் உயிரோடிருப்போர் ஒருமுறை சேர்ந்து உண்ண வேண்டும் என்ற ஆசை அவருக்குண்டாயிற்று. அவரைச் சேர்த்து நால்வரே எஞ்சியிருந்தனர். அந்நால்வருள் ஒருவர், முன்னொரு காலத்தில் உண்ணாத உணவுக்குப் பணந்தர மறுத்த ஹோக்கின்ஸ். பழைய தவறணை மூடப்பட்டிருந்தது. டிசெம்பர் 3ஆம் நாள் சென் போல் தேவாலய முற்றத்திலிருந்த வேறொரு தவறணையில், பிற்பகல் மூன்றரை மணிக்கு அவர்கள் கூடினர். பேசினர், இறந்தவர்களை நினைவுகூர்ந்தனர். இரவு பத்து மணிக்குப் பிரிய வேண்டும் என்று மற்றவர்கள் சொன்னபோது, தனிமைக்கும் மகிழ்ச்சியற்ற சிந்தனைக்கும் திரும்பிப் போக வேண்டியிருக்கிறதே என ஜோன்சன் பெருமூச்செறிந்து வருந்தினார். அப்பெருமூச்சு நெஞ்சிலிருந்து வந்தது எனத் தமது நூலில் எழுதியவர் ஹோக்கின்ஸ்.

அடுத்த நாள், டிசெம்பர் 4ஆம் திகதி, ஜோன்சன் ரெனோல்ட்ஸுக்குக் கடிதமொன்று எழுதினார். எசெக்ஸ் வீதியிலுள்ள தவறணையொன்றில் புதிய கழகமொன்று தொடங்கப்படுகின்றது; விதிகள் கடுமையானவையல்ல; செலவும் குறைவு; வாரத்தில் மூன்று இரவுகள் கூடுவோம்; வராதவர் சில பென்ஸ் தண்டம் கட்டினாற் போதும்; நீரும் சேர்ந்துகொள்ளும் என்று அதில் அழைத்திருந்தார். ரெனோல்ட்ஸ் சேரவில்லை.